வெஸ்டிக்குட்டி பாதத்தைக் கடிச்சுக்கிட்டே இருக்கான், கூப்பிட்டாலும் வர்றதில்லை. அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க

காவேரி_லீட்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், முதல் தடவை எழுதறேன்.

வெஸ்ட் ஹைலண்ட் வைட் டெரியர் (சுருக்கமா வெஸ்டி) நாய்க்குட்டி ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆகுது. பேரு பஞ்சு. இப்போ எட்டு மாசம், ஏழு கிலோ. எனக்கு ரெண்டு கவலை.

முதல் கவலை அவன் தோல். ராத்திரி படுத்தா கட்டிலுக்குக் கீழே இருந்து சப்பு சப்புன்னு ஒரே சத்தம், பாதத்தை நக்கிட்டே இருக்கான். முன்னங்கால் ரெண்டும் டீ சிந்தின மாதிரி பழுப்பாயிடுச்சு. வயிறும் அக்குளும் சிவந்து சூடா இருக்கு. காதுக்கிட்ட மோந்தா நாள்பட்ட தோசை மாவு வாடை. அழுக்குதான் காரணம்னு மாமியார் சொன்னாங்க, அதனால வாரம் ரெண்டு தடவை பேபி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டறேன். சாப்பாடுதான் காரணம்னு வீட்டுக்காரர் ரெண்டு மாசத்துல மூணு பிராண்ட் மாத்திட்டார். ஒண்ணும் கேக்கலை.

ரெண்டாவது கவலை, அவன் என் பேச்சைக் கேக்கறதே இல்லை. பூங்காவுல ஒரு வேலியோரத்துல வளை ஒண்ணைப் பாத்துட்டு நாப்பது நிமிஷம் அங்கேயே நின்னான். கோழித்துண்டு காட்டினேன், கெஞ்சினேன், அழுதும் பாத்தேன். பக்கத்து வீட்டு லாப்ரடார் ஒரு விரல் அசைச்சா உக்காருது. இவனுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு மனசு கஷ்டமா இருக்கு. நான் எதுல தப்பு பண்றேன்?


மூணுவெஸ்டி_கிளாஸ்கோ:

காவேரிம்மா, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பஞ்சுவுக்கு உங்கள் மேல் பிரியக்குறைவு ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருடமாக இந்த வீட்டில் வெஸ்டி இல்லாத நாள் கிடையாது, இப்போது இருப்பது மூன்றாமவள். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

இந்த நாயைப் புரிந்துகொள்ள அதன் ஊரைப் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் மேற்கே போனால் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில் கில்மார்ட்டின் என்ற ஊர் வரும். அதை அடுத்துத்தான் போல்டாலக் பண்ணை. அங்கே இருந்த பெரிய மாளிகை இன்று கூரையில்லாமல் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த கர்னல் எட்வர்ட் மால்கம் குட்டை டெரியர்கள் வளர்த்தார். செம்பழுப்பு நிறத்தில் இருந்த அவருடைய செல்ல நாயை வேட்டையில் யாரோ நரி என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள், அன்றிலிருந்து வெள்ளைக்குட்டிகளை மட்டும் வைத்துக்கொள்வது என்று அவர் முடிவெடுத்தார் என்பது அந்தப் பக்கத்தில் வழங்கும் கதை. போல்டாலக் டெரியர், ரோஸ்னீத் டெரியர் என்றெல்லாம் இவற்றுக்குப் பெயர் இருந்தது. தன் பெயரோ தன் ஊர்ப்பெயரோ மட்டும் இந்த இனத்துக்கு ஒட்டிக்கொள்வதை மால்கம் விரும்பவில்லை. 1907இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இறங்கியபோது இன்றைய பெயரோடுதான் இறங்கின.

நான் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் பாறை, பாறைக்கு இடையில் இருட்டுச் சந்து. நரியும் நீர்நாயும் பதுங்குகிற இடம் அதுதான். ஆள் நுழைய முடியாது, பெரிய நாயும் நுழைய முடியாது. 28 சென்டிமீட்டர் உயரமுள்ள நாய்தான் போக வேண்டும், தனியாகத்தான் போக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, தாக்குவதா, பின்வாங்குவதா, எவ்வளவு நேரம் நிற்பது, எல்லாம் அந்த நாயின் முடிவு. இருட்டுக்குள் கட்டளை சொல்ல எஜமானன் வரமாட்டான். மேலே நிற்பவனுக்கு இடம் தெரியட்டும் என்று விடாமல் குரைக்க வேண்டும். அடிப்பக்கம் தடித்து கேரட் மாதிரி இருக்கிறதே அந்த வால், அதைப் பிடித்துத்தான் சந்திலிருந்து இழுத்தார்கள். வெஸ்டிக்கு வாலை வெட்டும் வழக்கம் ஏன் இல்லை என்பது இப்போது புரிகிறதா?

லாப்ரடார் உங்கள் முகத்தைப் பார்த்து வேலை செய்யப் பழக்கப்பட்ட நாய். டெரியர் உங்களுக்கு முதுகைக் காட்டி வேலை செய்யப் பழக்கப்பட்ட நாய். நாற்பது நிமிடம் வளையை விட்டு நகராமல் நின்றான் என்றீர்களே, மால்கம் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

தோல் விஷயம் வேறு. அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


யாழ்மகள்_ஹரோ:

தங்கச்சி, ஐயா சொன்னது நூறு வீதம் உண்மை. ஆனா குணம் எண்டு விட்டிட்டு இருக்கவும் கூடாது. எங்களுக்கு நடந்ததைச் சொல்லுறன்.

போன ஒக்டோபர் ஒரு பின்னேரம் எங்கட மல்லியைக் காட்டுப்பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனம். லீடைக் கழட்டி ஒரு நிமிசம் இருக்காது, மரத்தடியில இருந்த வளைக்குள்ள பூந்திட்டாள். முதல் உள்ளுக்க குரைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. எங்கட இவர் மண்வெட்டி எடுக்க வீட்டை ஓட வெளிக்கிட்டார். அந்த வழியால வந்த ஒரு வயசுபோன அம்மாதான் மறிச்சவ. அது பேட்ஜர் எண்ட காட்டு விலங்கின்ர வளை, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தோண்டினால் குற்றம், அதோட தோண்டினால் மண் இடிஞ்சு நாய் மூச்சடைச்சுப் போகும், சத்தம் போடாமல் இருங்கோ, தானா வருவாள் எண்டு சொன்னா.

இரவு முழுக்க வளைவாசலில என்ர சுவெட்டரை விரிச்சு வைச்சிட்டு ரெண்டு பேரும் போர்வையோட குந்திக்கொண்டு இருந்தம். ரோர்ச் வெளிச்சத்தில இலையில விழுற பனி கூடத் தெரிஞ்சது. காலமை ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி முதல் மூக்குத்தான் வெளியில வந்தது. மூக்குக்கு மேல மூண்டு நகக்கீறல், ரத்தம் காய்ஞ்சு போய். உடம்பு முழுக்கச் செம்மண். வந்த உடன என்ர மடியில ஏறிப் படுத்தவள் அசையேல்லை. நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அதுக்குப் பிறகு நாங்கள் மாத்தினது இதுகள்தான். ஹார்னெஸ்ஸும் (நெஞ்சைச் சுத்திப் போடுற பட்டி) பத்து மீற்றர் நீளக் கயிறும் இல்லாமல் வெளியில விடுறதில்லை. கயிறைக் கழுத்துப்பட்டியில கொழுவக் கூடாது, ஓடி இழுபட்டால் கழுத்து முறியும். பேர் சொல்லிக் கூப்பிடுறதை விட்டிட்டு விசில் பழக்கினம். முதல் ரெண்டு கிழமை வீட்டுக்குள்ள மட்டும்: விசில் ஊதினால் அவிச்ச ஈரல், ஒவ்வொரு முறையும், ஒருநாளும் பிசகாமல். பிறகு தோட்டம். பிறகுதான் பூங்கா. கூப்பிட்டு வந்த நாயை உடன கயிறில கட்டி வீட்டை கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. வந்தால் விளையாட்டு முடிஞ்சுது எண்டு அது விளங்கிக்கொள்ளும், அடுத்த முறை வராது. பத்துத் தரம் கூப்பிட்டால் ஒன்பது தரம் தீனி குடுத்துத் திரும்ப விடுங்கோ.

தோண்டுறதை நிப்பாட்டேலாது, இடத்தை மாத்தலாம். தோட்டத்து மூலையில நாலடிக்கு மணல் கொட்டி அதுக்குள்ள எலும்பும் பந்தும் தாட்டு வையுங்கோ. எங்கட புல்லு அப்பிடித்தான் தப்பினது.


காவேரி_லீட்ஸ்:

ஐயா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. அந்த சுவெட்டர் விஷயம் படிச்சு எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு.

ஒரு விஷயம் ஒளிக்காம சொல்லிடறேன். பஞ்சுவை இணைய விளம்பரம் பாத்து வாங்கினோம். வித்தவர் நெடுஞ்சாலைல ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்துல கார் டிக்கியைத் திறந்து குட்டியைக் குடுத்தார். தாய் நாயைக் காட்டலை. அதுக்கும் இந்த அரிப்புக்கும் சம்பந்தம் இருக்குமா?


வெட்நர்ஸ்_பர்மிங்ஹாம்:

பன்னெண்டு வருஷமா வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட நர்ஸா இருக்கேன். வெஸ்டின்னு சொன்னாலே எங்க வெட் முதல்ல பாக்கறது தோலைத்தான்.

சம்பந்தம் இருக்கலாம் காவேரி. அடோபிக் டெர்மடைட்டிஸ்னு சொல்ற தோல் ஒவ்வாமை இந்த இனத்துல ரத்தத்தோட வர்றது. தாய் தகப்பனுக்கு அரிப்பு இருந்துதான்னு கேட்டு வாங்கணும், கேக்கறதுக்கு ஆளே இல்லாம பண்ணிட்டாங்க. இங்கிலாந்துல 2020 ஏப்ரல்ல இருந்து ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டியை இடைத்தரகர் விக்கக் கூடாது. வளர்த்தவங்களே, பிறந்த இடத்துலயே, தாயோட சேத்துக் காட்டணும். இதைப் படிக்கிற மத்தவங்க மனசுல வச்சுக்கோங்க. உங்களைக் குத்தம் சொல்லலை, குட்டி இப்போ நல்ல இடத்துல இருக்கு.

நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசுக்குள்ள ஆரம்பிக்கும், பாதம், அக்குள், வயிறு, காதுன்னு வரும். அந்தப் பழுப்பு அழுக்கே இல்லை. எச்சில்ல இருக்கற ஒரு நிறமி வெள்ளை முடில ஏறி அப்படி ஆகுது. அந்த இடத்தை அவன் ஓயாம நக்கறான்னு அர்த்தம், அவ்வளவுதான். அதனால எத்தனை குளிப்பாட்டினாலும் போகாது. மாமியாருக்கு இதை மட்டும் எப்படியாவது புரிய வைங்க, பாவம் அவங்களும் நல்லதுக்குத்தான் சொல்றாங்க.

புளிச்ச மாவு வாடைன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் பெரிய துப்பு. ஒவ்வாமைல வெந்து கிடக்கிற தோல்ல மலசீசியாங்கற ஈஸ்ட் பெருகும், வெஸ்டிக்கு ரொம்ப சகஜம். வெட்கிட்ட போனா ஒரு செலோடேப் துண்டைத் தோல்ல ஒட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க, பத்து நிமிஷ வேலை. ஈஸ்ட் இருந்தா குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் சேர்ந்த ஷாம்பு குடுப்பாங்க. அதை வாரம் ரெண்டு தடவை போடச் சொன்னா போடுங்க, நுரை பத்து நிமிஷம் ஊறணும், கடிகாரம் பாத்துச் செய்யுங்க. பேபி ஷாம்புவை இன்னைக்கே நிறுத்துங்க. நாயோட மேல்தோல் நம்மளதை விட ரொம்ப மெல்லிசு, இருக்கற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப்பசையையும் அது வழிச்சுட்டுப் போயிடும்.

ஒவ்வாமைன்னு முடிவு கட்டறதுக்கு முன்னால மத்ததை ஒண்ணொண்ணா விலக்கணும். முதல்ல தெள்ளுப்பூச்சி. கண்ணுல படலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லை, வருஷம் முழுக்க மருந்து போடணும். அடுத்து ஊருக்குள்ள திரியற நரிங்க கிட்ட இருந்து தொத்தற சொறி, அது காது ஓரத்துலயும் முழங்கைலயும் ஆரம்பிக்கும். கோடை முடியற சமயத்துல விரலிடுக்குல ஆரஞ்சுப் புள்ளி தெரிஞ்சா அது வயல் சிற்றுண்ணி. இதெல்லாம் இல்லைன்னா சாப்பாட்டுச் சோதனை. இங்கதான் உங்க வீட்டுக்காரர் அவசரப்பட்டுட்டார். மூணு வாரத்துக்கு ஒரு பிராண்ட் மாத்தினா ஒண்ணும் தெரியாது. வெட் சொல்ற ஒரே உணவு, குறைஞ்சது எட்டு வாரம், நடுவுல ஒரு பிஸ்கட் துண்டு கூடக் கூடாது. யாழ்மகள் அக்கா சொன்ன ஈரலும் அந்த எட்டு வாரம் கிடையாது, அதே உணவுல நாலு உருண்டையைப் பாக்கெட்ல போட்டுட்டுப் போங்க.

கடைசில அடோபின்னு தெரிஞ்சா அது ஆயுசுக்கும் கூட வரும். முழுசா போகாது, ஆனா நல்லா அடக்கி வைக்கலாம். அரிப்பை நிறுத்தற ஓக்லாசிட்டினிப் மாத்திரை ஒரு வயசுக்கு மேலதான் குடுக்கணும், பஞ்சுவுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. லோக்கிவெட்மாப் ஊசிக்கு அந்த வயசுக் கணக்கு இல்லை, சுமார் மாசத்துக்கு ஒண்ணு. ஸ்டீராய்டு சல்லிசு, உடனே கேக்கும், ஆனா வருஷக்கணக்கா குடுத்தா உடம்பைக் கெடுக்கும். ரத்தப் பரிசோதனைல எதுக்கு ஒவ்வாமைன்னு பாத்து அதுக்கேத்த தடுப்பூசி செஞ்சு போடற வழியும் இருக்கு, பலன் தெரிய பல மாசம் ஆகும்.

இன்னொண்ணு: சாப்பிடும்போது வாயைத் திறக்க வலிக்குதான்னு பாருங்க. தாடை எலும்பு தடிக்கற ஒரு நோய் வெஸ்டிக் குட்டிகளுக்கு மூணு மாசத்துல இருந்து எட்டு மாசத்துக்குள்ள வரும். பந்தைக் கவ்வி விளையாடறான்னா பயம் வேண்டாம்.


இயற்கைவழி_குமரன்:

எதுக்குங்க இவ்வளவு மருந்து? எங்க நாய்க்கு செக்கு தேங்காய் எண்ணெய் தடவினோம், பச்சை இறைச்சிக்கு மாத்தினோம், ஒரு மாசத்துல சரியாப் போச்சு. டிரை ஃபுட்தான் எல்லாத்துக்கும் மூலம்.


வெட்நர்ஸ்_பர்மிங்ஹாம்:

குமரன், உங்க நாய் குணமானதுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பழைய உணவுல இருந்த ஏதோ ஒரு புரதம் அதுக்கு ஒத்துக்காம இருந்திருக்கலாம், அதை நிறுத்தினதும் சரியாயிருக்கும். அப்படி இருந்தா அது உணவு ஒவ்வாமை, எட்டு வாரச் சோதனை கண்டுபிடிக்கறதும் அதைத்தான். ஆனா பஞ்சுவுக்கு ஈஸ்ட் இருக்கற மாதிரி தெரியுது. அந்த ஈஸ்ட் கொழுப்புல செழிக்கிற ஜாதி. அது மேல எண்ணெய் தடவறது நல்லதில்லை, போதாததுக்கு அவன் இன்னும் அதிகமா நக்குவான். முதல்ல டேப் சோதனை முடியட்டும்.


சீப்பும்_கத்தரியும்:

முடி பத்தி யாரும் பேசலையே. நான் எடின்பரோல குரூமிங் வேலை பாக்கறேன்.

வெஸ்டிக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல ரெண்டு அங்குலத்துக்கு விறைப்பான முடி, உள்ளே மெத்து மெத்துன்னு ஒரு அடுக்கு. மேல்முடி முதிர்ந்ததும் தானா தளரும். அப்போ கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நாலஞ்சு முடியைப் பிடிச்சு, வளர்ற திசையிலேயே இழுத்தா வலிக்காம வந்துடும், புதுசு விறைப்பாவே முளைக்கும். ஹேண்ட் ஸ்ட்ரிப்பிங்னு சொல்றது இதைத்தான். மெஷின் போட்டு வெட்டினா வேர் அங்கேயே நிக்கும், முடி வரவர பஞ்சாகும். அப்படி மெத்துன்னு ஆன முடில சேறு ஒட்டும். விறைப்பு முடில சேறு காஞ்சதும் பொலபொலன்னு உதிர்ந்துடும், சீப்பு போதும், தண்ணியே வேண்டாம். இந்த நாயை மழைக்காகவும் மண்ணுக்காகவும்தானே உண்டாக்கினாங்க.

ஆனா காவேரி, பஞ்சுவோட தோல் ஆறுற வரைக்கும் யாரையும் முடி பறிக்க விடாதீங்க. மெஷின்ல கட்டையா வெட்டிடுங்க, அழகு அப்புறம் பாத்துக்கலாம். தினம் அஞ்சு நிமிஷம் சீவுங்க, விரலிடுக்கு முடியை மட்டும் நறுக்குங்க, நனைஞ்சா துண்டால ஒத்தி எடுங்க. ஈரம் நின்னா ஈஸ்டுக்குக் கொண்டாட்டம்.


திருச்சிக்காரன்_ரெடிங்:

இழைக்கு நேரடியா சம்பந்தம் இல்லை, ஆனா நம்ம வீடுங்களுக்கு முக்கியம். ஊர்ல இருந்து வந்த எங்க அம்மா பாசத்துல நாய்க்கு ஒரு கரண்டி பாயசம் குடுத்துட்டாங்க, உள்ளே நாலு உலர் திராட்சை. நல்லவேளை நான் பாத்தேன். ஒரு மணி நேரத்துல வெட்கிட்ட போய் வாந்தி எடுக்க வச்சோம். திராட்சை சில நாய்ங்களுக்குக் கொஞ்சமா இருந்தாலும் சிறுநீரகத்தை அடிச்சுடும், எந்த நாய்க்குன்னு முன்கூட்டித் தெரியாது. அதுல இருக்கற டார்டாரிக் அமிலம்தான் காரணம்னு இப்போ சொல்றாங்க, அதே அமிலம் புளியிலயும் இருக்கு. சாம்பார்ல புளியும் உண்டு, வெங்காயமும் உண்டு, ரெண்டும் நாய்க்கு ஆகாது. பெரியவங்க வந்திருந்தா அன்பாச் சொல்லிடுங்க. அம்மா இப்போ அவனுக்குன்னு உப்பில்லாம ரெண்டு கேரட் அவிச்சு வைக்கறாங்க.


மூணுவெஸ்டி_கிளாஸ்கோ:

தம்பி, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். வீட்டுப் பழக்கம் பற்றிப் பேச்சு வந்ததால் என் இரண்டாமவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராஜாவுக்குப் பதினொரு வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன். பிறகு வறட்டு இருமல். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டவர் என் காதிலும் மாட்டினார். ஒவ்வொரு மூச்சு உள்ளே போகும்போதும் ஷூவில் இருக்கும் வெல்க்ரோ பட்டையை மெதுவாகப் பிரிக்கிற சத்தம். நுரையீரல் நார்த்தடிப்பு என்றார். வெஸ்டிகளுக்கு முதுமையில் அதிகம் வருவதால் வெஸ்டி நுரையீரல் என்றே பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். குணப்படுத்த மருந்து கிடையாது.

எடையைக் குறைத்தோம், கழுத்துப்பட்டியை எடுத்துவிட்டு ஹார்னெஸ் மட்டும் போட்டோம், வெயில் நாளில் விடிகாலையில் மட்டும் நடந்தோம். வீட்டில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் நிறுத்தினோம். என் மனைவி விளக்கு மட்டும் ஏற்றினாள், நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டாள். அதன் பிறகு பதினாறு மாதம் இருந்தான். கடைசி வாரம் வரை தோட்டத்தில் அணிலைப் பார்த்தால் எழுந்து நிற்பான், ஓட முடியாது, நிற்பான். இனி எந்த நாய் வந்தாலும் எங்கள் வீட்டில் புகை கிடையாது.

உங்களில் வயதான வெஸ்டி வைத்திருப்பவர்கள் மூச்சு வாங்குவதை வயது என்று ஒதுக்காதீர்கள். நான் ஒதுக்கிய நான்கு மாதம் இன்னும் உறுத்துகிறது.


காவேரி_லீட்ஸ்:

நாலு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

டேப் சோதனைல ஈஸ்ட் நிறைய இருந்துச்சு, காதுலயும்தான். மருந்து ஷாம்பு வாரம் ரெண்டு தடவை, பத்து நிமிஷம். மாமியார் பக்கத்துல உக்காந்து கந்த சஷ்டி கவசம் சொல்றாங்க, முடிக்கறப்போ நேரம் தாண்டியே இருக்கும். தெள்ளு மருந்து போட்டாச்சு. சாப்பாட்டுச் சோதனை மூணாவது வாரம் நடக்குது, ஃபிரிட்ஜ்ல பெரிசா எழுதி ஒட்டிட்டோம், வீட்டுக்காரர் இந்தத் தடவை மாத்தலை. டாக்டர் ஒரு ஊசி போட்டார், ரெண்டாம் நாள் ராத்திரி சப்பு சத்தமே இல்லை. பழகிப்போன சத்தம் நின்னதும் எனக்குத் தூக்கம் கலைஞ்சு எழுந்து பாத்தேன், நல்லாத் தூங்கிட்டிருந்தான்.

இன்னைக்குக் காலைல பாதத்தைத் தூக்கிப் பாத்தேன். நுனில இன்னும் அதே டீக்கறை. ஆனா நகத்தை ஒட்டி, அடில, அரை சென்டிமீட்டர் வெள்ளையா முளைச்சிருக்கு.

மணல்குழியும் போட்டாச்சு. பூங்காவுல பத்து மீட்டர் கயிறோட அதே வளைக்கிட்ட விட்டேன், ஐயா எழுதினதை நினைச்சுட்டு இந்தத் தடவை கெஞ்சாம பக்கத்துலயே உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல அவனே திரும்பி ஒரு தடவை என்னைப் பாத்தான்.

யாழ்மகள் அக்கா, விசில் எது வாங்கணும்? கடைல நிறைய நம்பர் இருக்கு.


யாழ்மகள்_ஹரோ:

தங்கச்சி, மல்லிக்கு ஆக்மி 210.5. எந்த நம்பர் எண்டாலும் பரவாயில்லை, ஆனா அதே நம்பரில ரெண்டு வாங்குங்கோ. ஒண்டு துலைஞ்சால் சத்தம் மாறக் கூடாது. எட்டு வாரம் முடிஞ்ச உடன ஈரல் அவிக்கிற விதம் எழுதுறன்.